சொல்லிச் சொல்லிக் கட்டிய வீடு

மே 9

அன்புள்ள தங்கச்சி வாயாடிக்கு,

அண்ணன் சொல்ல, கம்பவுண்டர் எழுதுகிறார். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருமல் வந்தது, கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு அதுவாகவே போய்விட்டது. உன் முழங்கால் எப்படி? படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். உன் பிள்ளை, என் மருமகன், அவனும் அவன் வீட்டுக்காரியும் சுகமா? பேத்தி படிக்கிறாளா?

வாயாடி என்று எழுதலாமா என்று கம்பவுண்டர் கேட்டார். பேத்தி எடுத்தவளை அப்படி எழுதுவது மரியாதை இல்லையாம். எழுதும், இல்லாவிட்டால் கடிதம் வேறு யாருக்கோ என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்றேன்.

கம்பவுண்டர் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். டாக்டர் போய்ச் சேர்ந்ததும் கிளினிக்கை மூடிவிட்டார்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்கிறார். எனக்கு எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரிகிறது. ஆனால் எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்வேன். நான் சொன்னதில் ஒரு சொல்லை விழுங்கினாலும் பிடித்துவிடுவேன். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு மண்டைதானே நோட்டு.

வீடு மாறிவிட்டேன், தங்கச்சி. பழைய வரிசை வீடுகளை முதலாளியின் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். யாரோ கார் நிறுத்த வாங்கியிருக்கிறார்கள். கவலைப்படாதே. வாழ்நாள் முழுக்க ஊராருக்குச் சாமான் ஏற்றி இறக்கி வீடு மாற்றிக் கொடுத்தவனுக்கு, தனக்கு ஒரு வீடு பார்க்கத் தெரியாதா? நல்ல வீடு. சிவப்பு சிமெண்ட் தரை, வெயில் காலத்தில் வெறும் தரையிலேயே படுக்கலாம். கிழக்கே ஒரு ஜன்னல். சமையல் மேடை இடுப்பு உயரம், குனிய வேண்டியதில்லை. கதவைச் சாத்தினால் சாத்திய சத்தமே கேட்காது.

தெருவில் கதவு எண்களை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தபால்காரர் குழம்புகிறார். அதனால் மேலே எழுதியிருக்கும் கம்பவுண்டர் விலாசத்துக்கே பதில் போடு. என் போன் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டுவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்.
கீழே இருப்பது என் கட்டைவிரல். மை கொஞ்சம் கூடிப்போனது, ஆள் நான்தான்.


ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கட்டைவிரல் வந்து சேர்ந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். பீரோவைத் தூக்கி அகன்றுபோன விரல் அல்லவா, காகிதத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதுவும் நானும் பழகிவிட்டோம்.

வீட்டைப் பற்றிப் படித்து எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. பழைய இடத்தில் மழை பெய்தால் நீங்கள் கட்டிலை இழுத்துக்கொண்டு சுவர் சுவராக அலைவீர்கள். இனி அது இல்லை. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் வீடு பார்க்கத் தெரிந்தவருக்கு அதைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லையே. தண்ணீர் எப்படி? துணி காயப்போட இடம் இருக்கிறதா? ஒரே அறையா, உள்ளே இன்னொன்றும் உண்டா? பக்கத்து வீட்டில் யார்? பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிறதா? பாதி வீட்டை எழுதிவிட்டு மீதியைக் கம்பவுண்டரிடம் விட்டுவிட்டீர்கள்போல.

என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது. மகன் வாங்கிய வீட்டுக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறான். மருமகளும் வேலைக்குப் போகிறாள். பேத்தி ஹாலில் உட்கார்ந்து படிக்கிறாள். எனக்கென்று ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் கதகதப்பாக இருக்கும்.

மருந்து மாத்திரையைக் கம்பவுண்டரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள். அவருக்கு என் வணக்கம். வாயாடி என்றே எழுதலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
தங்கை.


ஜூன் 20

வீட்டு வசதி அலுவலக உதவி மேசை அம்மா அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மேசை முன்னால் நின்றவன். சாமான் தூக்கியவன் என்பதால் பீரோ என்று பட்டப்பெயர், சொன்னால் காப்பகத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பின்னால் கூட்டம் நின்றதால், எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள் பெரியவரே என்றீர்கள். எனக்கு எழுதத் தெரியாது. பக்கத்துக் கட்டில் கம்பவுண்டர் எழுதுகிறார்.

நான் இருந்த வரிசை வீட்டை இடித்துவிட்டார்கள். அதன்பிறகு லாரி நிற்கும் இடத்தில் பார்சல் கொட்டகையில் படுத்திருந்தேன். அங்கே புதிதாக வந்த மேனேஜர் பூட்டுப் போட்டார். அப்புறம் பஸ் நிலையத்தில் இருந்தேன். கால் வீங்கி நடக்க முடியாமல் கிடந்தபோது உங்கள் ஆட்கள் வண்டியில் ஏற்றி இந்தக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே குறை சொல்ல ஒன்றும் இல்லை. கட்டில் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைக்க மாட்டார்கள், பையைத் தலைக்கு வைத்துத்தான் படுக்க வேண்டும், காலையில் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

வாடகைக்குப் பார்க்கவில்லையா என்று கேட்டீர்கள். பார்த்தேன் அம்மா. எல்லா வீட்டிலும் முகத்தைப் பார்த்ததும் தனி ஆளா, வயது என்ன என்று கேட்கிறார்கள். ஒரு வீட்டுக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் வீட்டு ஃபிரிட்ஜை நான்தான் மாடிக்கு ஏற்றியவன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி, ‘உங்கள நம்பாம இல்ல. திடீர்னு ஒண்ணு ஆயிட்டா நான் யாருக்குச் சொல்றது? அந்த ரூம்ல அப்புறம் யாரு வருவா?’ என்றார். ஆக, வாடகை கொடுப்பேனா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. செத்துவிடுவேன் என்பதுதான் சங்கடம். சாக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவும் முடியாது.

நவம்பர் கடைசியில் கூரை வேலைக்காகக் காப்பகத்தை மூடப் போவதாகச் சொல்கிறார்கள். பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்குக் குறைந்த வாடகை அறை உண்டு என்கிறார்கள். அதற்குள் என் பெயரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மனுவில் நெருங்கிய உறவு யார் என்ற இடத்தில் என் தங்கையின் விலாசத்தைக் கம்பவுண்டர் எழுதியிருக்கிறார். எனக்கு வேறு யாரும் இல்லை. அவளிடம் இதைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பீரோ (கைநாட்டு).


ஜூலை 14

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. கம்பவுண்டர் ஒருமுறை வாசித்தார், எனக்கு அது போதும். இப்போது நீ கேட்டால் உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒப்பிப்பேன். இங்கே நான் நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. கால் வீங்கியதை உனக்குச் சொல்லவே இல்லை என்று கம்பவுண்டர் இப்போது சொல்கிறார். சரி, வீங்கியது, வடிந்தது, கணக்குத் தீர்ந்தது.

நீ கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில். தண்ணீர் காலையில் வரும், குழாயைத் திறந்ததும் சீறிக்கொண்டு விழும். பின்பக்கம் துவைக்கிற கல் இருக்கிறது. கல்லுக்கு மேலே கொடி, முழு வேட்டியையும் மடிக்காமல் காயப்போடலாம். பக்கத்து வீட்டில் ஓர் அம்மா தையல் கற்றுக்கொடுக்கிறார். நாள் முழுக்க மிஷின் சத்தமும் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும். உனக்கு அங்கே போய் உட்கார்ந்தால் எழுந்து வர மனசு வராது.

உள்ளே இன்னொரு அறை உண்டா என்று கேட்டிருந்தாய்.

இந்த இடத்தில் கம்பவுண்டர் பேனாவை மூடிவிட்டுத் தலை வலிக்கிறது என்று எழுந்து போனார். மாத்திரை கொடுத்துப் பிழைத்த மனுஷனுக்கே தலைவலி. டீ வாங்கிக் கொடுத்துத் திரும்ப உட்கார வைத்திருக்கிறேன். ‘எழுதச் சொன்னா எழுதுறேன். ஆனா தலையெழுத்து உம்மோடது, கையெழுத்துதான் என்னோடது’ என்கிறார். வயதானால் சிலருக்கு இப்படி முணுமுணுக்கிற வியாதி வரும்.

உண்டு, தங்கச்சி. சின்ன அறைதான். ஒரு கட்டில் தாராளமாகப் போடலாம், தலைமாட்டில் ஒரு பெட்டி வைக்கலாம். சுவரில் ஆணிகள் இருக்கின்றன. அங்கே யாரும் படுப்பதில்லை. அவ்வப்போது போய்க் கூட்டிவிட்டு வருவேன்.

மழை தொடங்கினால் ஈரத்தில் நிற்காதே.

உன் அண்ணன்.
விரல் இந்த முறை அளவாக விழுந்திருக்கிறதா?


ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? நான் நலம். விரல் அளவாகத்தான் விழுந்திருக்கிறது. கம்பவுண்டருக்குத் தலைவலி தீர்ந்ததா?

அந்தச் சின்ன அறையைப் பற்றிப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இங்கே எனக்குத் தனியாக அலமாரி கிடையாது. அதனால் ஒன்றும் இல்லை. வேலை முடிந்ததும் எடுத்துப் படிப்பேன். ஆணிகளை நீங்கள் பிடுங்கிவிடாதீர்கள்.

ஒரு விஷயம். உங்கள் பெயரை வைத்து யாரோ விளையாடுகிறார்கள் அண்ணா. உங்கள் ஊர் வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. உங்களுக்கு வீடே இல்லையாம், காப்பகத்தில் இருக்கிறீர்களாம், இது உண்மைதானா, உங்களை வைத்துப் பார்த்துக்கொள்ள உறவினர் யாராவது உண்டா என்று கேட்டிருந்தார்கள். ஏதோ ஒரு திருட்டுப்பயல் உங்கள் பெயரைச் சொல்லி வீடு வாங்கப் பார்க்கிறான் என்று புரிந்துகொண்டேன். மகனிடம்கூடக் கேட்கவில்லை. உடனே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். என் அண்ணன் யார் கையையும் எதிர்பார்த்தவர் இல்லை, அவருக்கு வீடு இருக்கிறது, தெருவில் கிடக்கிற நிலை அவருக்கு வரவே வராது என்று எழுதி, நீங்கள் சொன்ன தரை, ஜன்னல், துவைக்கிற கல், தையல் அம்மா, உள்ளே இருக்கும் அறை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இனி அவன் வாலை ஆட்ட மாட்டான்.

நீங்களும் கம்பவுண்டரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

கவனமாக இருங்கள்.

தங்கை.


செப்டம்பர் 12

தங்கச்சிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

அந்தத் திருட்டுப்பயல் நான்தான்.

வேலையே ஓடவில்லை எனக்கு. உன் கடிதத்தைக் கம்பவுண்டர் வாசித்து முடித்துவிட்டு என் கையில் கொடுத்தார். படிக்கத் தெரியாதவன் கையில் கடிதத்தைக் கொடுத்தால் என்ன செய்வான்? மடித்தேன், பிரித்தேன், மடித்தேன். மறுநாளே மேசை அம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

நல்ல பெண் அவர். இரைந்து பேச மாட்டார். உட்காருங்க பெரியவரே என்று நாற்காலியைக் காட்டிவிட்டு நீ எழுதியதை வாசித்தார். நான் கம்பவுண்டரிடம் சொன்ன வார்த்தைகள், அதே வரிசையில், அரசாங்க அறையில், இன்னொருவர் வாயிலிருந்து வந்தன. பின்னால் நின்றவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன், ‘இவ்ளோ நல்ல வீட்ட விட்டுட்டு இங்க என்ன பண்றாரு?’ என்றான். சிரித்தார்கள். அவன்மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

‘இது உங்க வீடா?’ என்று கேட்டார்.

‘இல்லம்மா.’

‘அப்ப யார் வீடு?’

‘நிறைய பேர் வீடும்மா’ என்றேன்.

உண்மை அதுதான். சிவப்புத் தரை கண் டாக்டர் ஒருவர் வீட்டுத் தரை. அவர் வீடு மாறிப் போனபோது நாங்கள் பீரோவை இழுத்துக் கீறிவிடக் கூடாதென்று சாக்கு விரித்துக் கொடுத்தார். கிழக்கு ஜன்னல் இரண்டு அக்கா தங்கைகள் குடியிருந்த மாடி வீட்டில் பார்த்தது. இடுப்பு உயரச் சமையல் மேடை, லாரியில் ஏறி இறங்கும்வரை சண்டை போட்டுக்கொண்டே வந்த புருஷன் பெண்டாட்டி வீடு. அந்த அம்மா மேடையைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டு வெளியே வராமல் நின்றது. துவைக்கிற கல் ஒரு வாத்தியார் வீட்டில். தையல் அம்மாவை நான் பார்த்ததே இல்லை, சாமான் இறக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம்தான் கேட்டேன். எத்தனை வீட்டுக்குள் போனவன் நான்! ஒரு வீட்டிலும் சாமானை இறக்கி வைத்ததற்கு அப்புறம் நின்றதில்லை. ஆனால் எதையும் மறக்கவில்லை. நீ வீடு எப்படி என்று கேட்டபோது அங்கங்கே இருந்து தூக்கிவந்து ஒன்றாக இறக்கினேன். வேறு என்ன தொழில் தெரியும் எனக்கு?

அந்த உள் அறையை மட்டும் எங்கிருந்தும் எடுக்கவில்லை. நீ கேட்டாய், அதற்காகக் கட்டினேன்.

நான் இருப்பது காப்பகத்தில். கம்பவுண்டர் விலாசம் என்று கொடுத்ததும் அதுதான். இங்கே வந்து மாதக்கணக்கில் ஆகிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் கல்யாணத்தன்று உன்னை அனுப்பும்போது, எப்ப வேணும்னாலும் அண்ணன் வீட்டுக்கு வந்துடு, கதவு தொறந்தே இருக்கும் என்று சொன்னேன். நீ அழுதுகொண்டே தலையாட்டினாய். கதவும் இல்லை, வீடும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

இனி விஷயம். வீடு உள்ளவர் என்று குறித்து என் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். நான் வாயால் சொன்னால் செல்லாதாம். ‘அவங்க எழுத்துல குடுத்தது, அவங்கதான் மாத்திக் குடுக்கணும். எங்க ஆள் ஒருத்தர் அவங்க வீட்டுக்கே போய்க் கேப்பார்’ என்றார் மேசை அம்மா. நவம்பரில் காப்பகம் மூடுகிறது. அதற்குள் ஆள் வருவார். உள்ளதைச் சொல்லிவிடு. மருமகன் முன்னால் சொல்ல வேண்டி வந்தாலும் சொல்லிவிடு.

கோபம் இருந்தால் திட்டி எழுது. கம்பவுண்டரிடம் எதையும் விழுங்காமல் வாசிக்கச் சொல்கிறேன்.

அண்ணன்.


அக்டோபர் 25

தங்கச்சிக்கு,

நான் நலம். நீ நலமா என்று தெரியவில்லை.

தபால்காரர் தெரு முனையில் திரும்பும்போதே எழுந்து நின்றுவிடுகிறேன். நேற்று, ‘உங்களுக்கு ஒண்ணும் இல்ல தாத்தா, நீங்க உக்காருங்க’ என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டார். திட்டுவதற்கு அலுப்பாக இருந்தால் ஒரு வெற்றுக் காகிதத்தையாவது உறையில் போட்டு அனுப்பு. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கட்டில்களை எண்ண ஆட்கள் வந்து போனார்கள். கம்பவுண்டர் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. என்னிடம் சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன்.


நவம்பர் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? கால் மறுபடி வீங்கவில்லையே? நான் இருக்கிறேன்.

கோபம்தான். காப்பகத்தில் இருந்ததற்கு இல்லை. அந்த வீட்டுக்கு நான் தினமும் போய் வந்துகொண்டிருந்தேன் அண்ணா. எந்தச் சுவரில் என் சாமி படத்தை மாட்டுவது, கட்டிலை எந்தப் பக்கம் போட்டால் முழங்காலில் காற்று படாது என்றெல்லாம் பார்த்து வைத்துவிட்டேன். ஊருக்குப் போகும்போது எடுக்கும் பழைய துணிப்பையைக்கூடத் துவைத்துக் காயப்போட்டேன். தீர்மானம் ஒன்றும் இல்லை, சும்மா துவைத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தப் பையைத்தான் முதலில் எடுத்து ஒளித்து வைத்தேன். அதன்பிறகு பேனாவைத் தொடக் கை வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அலுவலகத்து ஆள் வந்தார். நரைத்த தலை, களைத்த முகம். மகனும் மருமகளும் வீட்டில் இருந்தார்கள். மருமகள் டீ கொடுத்தாள். நான் எழுதிக் கொடுத்தது தவறு, என் அண்ணனுக்கு வீடு இல்லை என்று சொன்னேன். மகன் என்னையே பார்த்தான். அவனுக்கு இப்போதுதான் தெரியும். ஆனால் சமாளித்துக்கொண்டு பேசினான், நன்றாகவே பேசினான்.

‘எங்க மாமா எதுக்கு சார் காப்பகத்துல இருக்கணும்? நாங்க இல்லையா? இங்க வரட்டும், நாங்க பாத்துக்கிறோம்.’

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ரொம்ப நல்லது தம்பி என்று எழுத ஆரம்பித்தார். எனக்கும் ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, அப்படி எழுதினால் அண்ணனுக்கு அங்கே வீடு கிடைக்குமா என்று கேட்டேன். உறவினர் வைத்துக்கொள்வதாகச் சொன்னால் பட்டியலில் பெயர் வராது, அந்த இடம் இன்னொருவருக்குப் போகும் என்றார்.

நான் மகனைக் கேட்டேன்.

‘மாமா வந்தா எங்கடா படுப்பாரு?’

‘அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா.’

‘இப்பச் சொல்லு. எழுதறதுக்கு முன்னாடி சொல்லு.’

‘ஹால்ல படுத்துக்கட்டும்.’

‘ஹால்ல பாப்பா படிக்குது.’

வந்தவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணா, அந்த நேரத்தில் நான் வாயை மூடியிருந்தால் என் மகன் நல்லவனாகவே இருந்திருப்பான். அவன் கெட்டவனும் இல்லை. வீடு அவ்வளவுதான், என்ன செய்வான்.

‘சார், கொஞ்சம் எழுந்து வாங்க. நான் படுக்கிற இடத்தப் பாத்துட்டு எழுதுங்க’ என்றேன்.

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு நடை இருக்கிறது. வாஷிங் மிஷின் அங்கேதான் நிற்கிறது. அதை ஒட்டித்தான் பாய் விரிப்பேன். மிஷின் ஓடினால் முதுகுக்குச் சூடாக இருக்கும். யாராவது குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் காலை மடக்கிக்கொள்வேன். காலையில் எல்லோரும் எழுந்திருக்கும் முன்னால் சுருட்டி மிஷினுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். பாயை எடுத்து விரித்துக் காட்டினேன்.

‘இதுக்குப் பக்கத்துல இன்னொரு பாய் விரிக்க எடம் இருந்தா, அவர் வரட்டும்னு எழுதிக்குங்க.’

மருமகள் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் போனதும் மகன் சொன்னான்: ‘எவனோ ஒருத்தன உள்ள கூட்டிட்டுப் போய் என் மானத்த வாங்கிட்டியேம்மா.’ அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. மருமகள் பேசுகிறாள், தேவைக்கு.

உங்கள் பெயர் வந்துவிடும் என்று அந்த மனிதர் படி இறங்கும்போது சொன்னார். அது போதும் எனக்கு. என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். நான் நன்றாகவே இருக்கிறேன்.

தங்கை.


டிசம்பர் 7

என் தங்கச்சிக்கு,

என் உடம்பு நன்றாக இருக்கிறது. உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. நன்றாகவே இருக்கிறேன் என்று எழுதுவாய். உனக்கு அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், நானும் உனக்கு அதைத்தானே எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தைக் கம்பவுண்டர் வாசிக்கும்போது பாயை விரித்துக் காட்டிய இடத்தில் நிறுத்திவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு முடித்தார்.

என் பெயர் வந்தது. காப்பகம் மூடுவதற்கு முன்னால் மேசை அம்மா அறையைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கம்பவுண்டரும் வந்தார். அவருக்கு அதே கட்டிடத்தில் கீழ்த்தளம். எனக்கு முதல் மாடி. இந்த முறை உள்ளதை மட்டும் சொல்கிறேன், அவர் எழுதுகிறார், தலைவலி ஒன்றும் இல்லை அவருக்கு. புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. குழாய் சொட்டுகிறது. குளியலறை வெளியே, நான்கு வீட்டுக்குப் பொது. கதவைப் பூட்டித் திறந்து பார்த்தேன், மறுபடி பூட்டித் திறந்தேன். சாவி என் கையில் இருந்தது. காவல்காரர், ‘பூட்டு நல்லாத்தான் இருக்கு பெரியவரே’ என்றார்.

சாமான் ஏற்றுகிறவன் ஓர் அறைக்குள் போனதும் கையை விரித்து அளந்துவிடுவான். எங்களுக்கு அது பழக்கம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் விரித்தேன். ஒரு கட்டில் போடலாம். இரண்டாவது கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். திருப்பிப் போட்டுப் பார்த்தேன், குறுக்கே போட்டுப் பார்த்தேன், சுவரோரம் ஒன்று காலடியில் ஒன்று என்று போட்டுப் பார்த்தேன். எத்தனை இடுக்கு வீட்டுக்குள் பெரிய பெரிய பீரோவை நுழைத்திருக்கிறேன். இது நுழையவில்லை. காவல்காரர் நான் வெறும் அறைக்குள் கையை நீட்டிக்கொண்டு சுற்றுவதைப் பார்த்துக் கம்பவுண்டரிடம் ஏதோ கேட்டார்.

திரும்பிப் போய்ச் சாவியை மேசையில் வைத்தேன்.

‘என்னாச்சு? பிடிக்கலையா?’

‘நல்ல அறைம்மா. ரெண்டு பேருக்குப் பத்தாது.’

‘உங்க பேர் மட்டுந்தானே இருக்கு?’

‘தங்கச்சி பேரையும் எழுதிக்குங்க.’

மேசை அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பேருக்கான வீடுகள் இன்னும் கட்டி முடியவில்லையாம், கூரையே போடவில்லையாம். இதை விட்டால் எப்போது கிடைக்கும் என்று அவரால் சொல்ல முடியாதாம். அதுவரைக்கும் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு காப்பகத்தில்தான் படுக்க வேண்டுமாம். கம்பவுண்டர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். வாங்கிக்கொள்ளும், பிறகு பார்ப்போம் என்று காதில் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

‘அவங்க வர்றேன்னு சொல்லிருக்காங்களா?’ என்று மேசை அம்மா கேட்டார்.

‘சொல்லலம்மா.’

‘கேட்டீங்களா?’

‘இனிமேதான்.’

‘அப்ப நான் எப்படிப் பெரியவரே எழுதறது?’

‘எழுதுங்கம்மா’ என்றேன்.

பேனாவைத் திரும்ப எடுத்து எழுதினார். நான் விரலை வைத்தேன்.

இப்போது புதுக் காப்பகத்தில் இருக்கிறேன். மேலே இருப்பது அதன் விலாசம். கூடம் பெரிது, சுவரில் ஈரம், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் யாரோடும் பேசுவதில்லை. கம்பவுண்டர் பஸ் ஏறி வந்து எழுதிக் கொடுக்கிறார். கூரை எப்போது போடுவார்கள் என்று தெரியாது. நானே இருப்பேனா என்பதும் யாருக்கும் தெரியாது, அதை யோசித்துத்தானே வீட்டுக்காரர்கள் எல்லோரும் என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

அலுவலகத்திலிருந்து உனக்குக் கடிதம் வரும். அண்ணனோடு சேர்ந்து இருக்கச் சம்மதமா என்று கேட்பார்கள். உன்னைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டேன். வீட்டைப் பற்றி உனக்கு எல்லாமே பொய்யாகச் சொன்னேன், தங்கச்சி. அந்த உள் அறை ஒன்று உண்மையாவதும் ஆகாததும் இப்போது உன் கையில்தான் இருக்கிறது.

அண்ணன்.